தொழிலாளியின் பிள்ளைக்கு வில் எதற்கு என்று கேட்கிறவருக்கு

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் மாலை நேர வில்வித்தைக் குழுக்களைத் தொடங்கலாமா என்று பேச்சு எழும்போதெல்லாம் ஒரே மறுப்பு திரும்பத் திரும்ப வருகிறது. அண்மையில் ஒருவர் அதை விரிவாக எழுதியும்விட்டார். கல்வித் துறையில் பழுத்த அனுபவம் உள்ளவர், எழுதத் தெரிந்தவர். பெயரைச் சொல்லவில்லை. அவர் எழுதியதைக் கம்பெனிகளின் எச்.ஆர். அதிகாரிகளும், பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில் மைக் பிடிக்கிறவர்களும், சில தலைமையாசிரியர்களும்கூடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆகவே இந்தப் பதில் அவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான்.

அவருடைய வாதத்தைத் திரிக்காமல் முதலில் சொல்லிவிடுகிறேன். வில்வித்தை வசதி படைத்தவர்களின் விளையாட்டு. பதக்கம் வாங்குவது லட்சத்தில் ஒருவர், மற்றவர்களுக்கு அது வீண்பொழுது. அம்பு எய்தால் பொறுமை வரும், கவனம் வரும், தன்னம்பிக்கை வரும் என்பதெல்லாம் பயிற்சி மையங்கள் அச்சடிக்கும் நோட்டீஸ் வாசகம். தொழிற்பேட்டைப் பிள்ளைகளுக்குத் தேவை வெல்டிங், ஃபிட்டர் வேலை, கொஞ்சம் இங்கிலீஷ். கடைசியாக, அம்பு ஓர் ஆயுதம். அதைப் பதின்ம வயதுப் பிள்ளைகள் கையில் கொடுப்பது ஆபத்து.

இவற்றில் ஒன்றிரண்டு நியாயமான கவலைகள், அவற்றுக்கு நியாயமான பதிலும் உண்டு. ஆனால் அந்தக் கட்டுரைக்கு அடியில் ஓடும் நினைப்பை முதலில் வெளியே இழுத்துப் போட வேண்டும். உருக்காலையில் ஹெல்பராக நிற்கிறவரின் மகன் நாளைக்கு இன்னோர் ஆலையில் நிற்கப் போகிறவன். ஆகவே அவனுடைய மாலை நேரம் முழுவதும் அந்த வேலைக்கான தயாரிப்பாகவே கழிய வேண்டும் என்பதே அந்த நினைப்பு. சென்னையில் தனியார் பள்ளிப் பிள்ளை பள்ளி விட்டு நீச்சலுக்கும் டென்னிசுக்கும் போனால் அது முழுமையான வளர்ச்சி என்கிறோம். கும்மிடிப்பூண்டி பக்கத்து எளாவூர்ப் பிள்ளை வில்லைத் தொட்டால் மட்டும் பிழைப்புக் கணக்கு வந்துவிடுகிறது. இந்த வேற்றுமையைக் கட்டுரையாளர் எழுத்தில் வைக்கவில்லை. அதை நம்பாமல் அவருடைய முடிவுக்கு வந்து சேரவும் முடியாது. தொழிலாளியின் பிள்ளையை நாளைய தொழிலாளியாக மட்டுமே பார்க்கப் பழகிவிட்ட கண் அது. எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

அவர் ஒரு வரிகூட எழுதாத விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். கும்மிடிப்பூண்டியில் நாலேகால், நாலரைக்குப் பள்ளிக்கூட மணி அடித்த பிறகு என்ன நடக்கிறது? சிப்காட் கம்பெனிகள் ஷிப்டில் ஓடுகின்றன. மதிய ஷிப்டுக்குப் போன அப்பா இரவு பத்துக்கு மேல்தான் வீடு திரும்புவார். காலை ஷிப்டு முடித்தவர் ஓ.டி. கிடைத்தால் விடமாட்டார், கான்ட்ராக்ட் சம்பளத்தில் வாடகையும் வட்டியும் போக மிஞ்சுவது என்ன என்று அவருக்குத் தெரியும். அம்மா பேக்கிங் செக்‌ஷனில் நின்றுகொண்டிருப்பார், அல்லது கூட்ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருப்பார். பிள்ளை பையை வைத்துவிட்டு வெளியே வந்தால் ஒரு பக்கம் டிரெய்லர் லாரிகள் பறக்கும் கொல்கத்தா நெடுஞ்சாலை, மறுபக்கம் ரயில் பாதை, நடுவில் ஒட்டி ஒட்டிக் கட்டிய லைன் வீடுகள். கையில் போன். உதட்டுக்கடியில் வைத்துக்கொள்ளும் புகையிலைப் பொட்டலத்தைப் பெட்டிக்கடையில் யூனிஃபார்மோடு போய்க் கேட்டாலும் கொடுக்கிறார்கள். பொறுப்பான பெரியவர் ஒருவரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் தினமும் மூன்று மணி நேரம் போகிறது. வில்வித்தைக் குழு கேட்பது அந்த மூன்று மணி நேரத்தில் பாதியை. வகுப்பறையிலிருந்தோ, ஐடிஐயிலிருந்தோ அது ஒரு நிமிடத்தையும் எடுக்கவில்லை.

டியூஷன் வைக்கலாமே என்கிறார். காலை முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளையை, கணக்குப் பாடத்துக்காக பி.டி. பீரியடையும் பறிகொடுத்துவிட்டு வந்த பிள்ளையை, மாலையிலும் தரையில் உட்காரவைத்து அதே பாடத்தை அதே முறையில் சொல்லிக்கொடுக்கச் சொல்கிறார். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் ஏற்கெனவே ஸ்பெஷல் கிளாஸ் நடக்கிறது. நான் பேசுவது ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளைப் பற்றி. வெல்டிங் கற்க ஐடிஐ இருக்கிறது. அங்கே சேரவே 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். பதினோரு வயதுப் பிள்ளையின் சாயங்காலத்தைத் தொழிற்பயிற்சிக்கு எழுதிவைக்கச் சொல்கிறவர், அந்த வயதுக்கு அரசாங்கமே போட்டிருக்கும் வேலியைத் தாண்டிப் பேசுகிறார்.

அடுத்தது காசு. ஒலிம்பிக்கில் பயன்படுத்தும் ரிகர்வ் வில், ஸ்டெபிலைசர், சைட், கார்பன் அம்புகள் என்று முழு செட் வாங்கினால் லட்சங்களைத் தாண்டும் என்பது உண்மை. அந்த விலையை எடுத்துக்காட்டி, ஆறாம் வகுப்புப் பிள்ளை வில்லைத் தொடவே கூடாது என்று சொல்வது நேர்மையான வாதமாகாது. இந்திய வில்வித்தைச் சங்கம் நடத்தும் தேசியப் போட்டிகளில் ‘இந்தியன் ரவுண்ட்’ என்று தனிப் பிரிவே இருக்கிறது. மூங்கில் வில், மர வில். சைட் கிடையாது, ஸ்டெபிலைசர் கிடையாது. சில ஆயிரம் ரூபாயில் முடிகிற சமாசாரம். பள்ளிக் குழுவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்த வில் தேவையும் இல்லை. ஒரு வரிசை எய்யும்போது அடுத்த வரிசை காத்திருக்கும், அதே வில் கை மாறும். அமெரிக்காவின் கென்டகி மாநிலத்தில் 2002இல் தொடங்கிய பள்ளி வில்வித்தைத் திட்டம் இந்த அடிப்படையில்தான் வளர்ந்தது. இழுவிசையைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரே மாதிரி வில், குள்ளமான பிள்ளைக்கும் உயரமான பிள்ளைக்கும் அதுவே. பணக்கார வீட்டுப் பிள்ளை விலை உயர்ந்த வில்லைக் கொண்டுவந்து முன்னே போக அங்கே வழியில்லை.

வசதி படைத்தவர்களின் விளையாட்டு என்று எழுதும்போது தீபிகா குமாரி என்ற பெயர் அவருக்கு நினைவுக்கே வரவில்லையா? ராஞ்சிக்குப் பக்கத்து ராது சட்டி கிராமத்தில் ஆட்டோ ஓட்டுநரின் மகள். கையில் கிடைத்த மூங்கில் வில்லில் தொடங்கியவர். 2006இல் ஜம்ஷெட்பூரின் டாடா வில்வித்தை அகாடமியில் சேர்ந்தார், 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் இரண்டு தங்கம், 2012இல் உலகத் தரவரிசையில் முதலிடம். சதாராவின் அதிதி சுவாமி அரசுப் பள்ளி ஆசிரியரின் மகள்; 2023 ஆகஸ்டில் பெர்லினில் உலகச் சாம்பியன் ஆனபோது வயது 17. அதே நாளில், அதே சதாராவில் பயிற்சி பெற்ற ஓஜஸ் தேவ்தளே ஆண்கள் பிரிவில் 150க்கு 150 எடுத்து உலகச் சாம்பியன் ஆனார். அவர்களுடைய பயிற்சியாளர் பிரவீண் சாவந்த், அப்போது மகாராஷ்டிரக் காவல் துறையில் கான்ஸ்டபிள். கரும்புக் காட்டுக்கு நடுவே ஒரு மைதானம். இதில் எங்கே இருக்கிறது அந்த வசதி?

ஜம்ஷெட்பூர் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் கும்மிடிப்பூண்டிக்கு நெருக்கமான முன்னுதாரணம் அதுதான். அது இரும்பு ஊர். உலையும் ரோலிங் மில்லும் சுற்றிலும் வெளியூரிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களும் உள்ள ஊர். அங்கே 1996இல் ஓர் எஃகு நிறுவனம் வில்வித்தை அகாடமி தொடங்கியது. அங்கன்வாடிப் பணியாளர் ஒருவரின் மகளான கோமாலிகா பாரி அங்கிருந்து போய் 2019இல் கேடட் பிரிவிலும் 2021இல் ஜூனியர் பிரிவிலும் உலகச் சாம்பியன் ஆனார். இரும்பு உருக்கும் ஊரில் இது நடக்கும் என்பதற்குச் சான்று இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நாட்டின் முன்னால் நிற்கிறது. அதைப் பார்க்காமல் எழுதியிருக்கிறார்.

நம் வட்டாரத்தை விட்டு வெளியே போகவும் தேவையில்லை. கும்மிடிப்பூண்டியில் கடற்கரை லோக்கலில் ஏறினால் வண்ணாரப்பேட்டை வருகிறது. பவானி தேவி அந்தப் பகுதிப் பெண். கோயில் பூசாரியின் மகள். 2004இல் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது மற்ற விளையாட்டுகளில் இடம் நிரம்பிவிட்டதால் மிச்சமிருந்த வாள்வீச்சில் சேர்ந்தார். தொடக்கத்தில் மூங்கில் குச்சியில் பயிற்சி. ஒலிம்பிக்கில் வாள்வீசிய முதல் இந்தியர் அவர்தான், டோக்கியோவில். வடசென்னைப் பிள்ளைக்கு வாள் எதற்கு என்று அன்றைக்கு அந்தப் பள்ளியில் யாரும் கேட்டுத் தடுக்கவில்லை. பட்டியலில் அந்த விளையாட்டும் இருந்தது, அவ்வளவுதான். அப்படியொரு பட்டியல் எளாவூரிலும் ஆரம்பாக்கத்திலும் கவரைப்பேட்டையிலும் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

பதக்கம் லட்சத்தில் ஒருவருக்குத்தானே என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். நான் மேலே சொன்ன பெயர்கள் காசு பற்றிய கேள்விக்குப் பதில்; பதக்கத்துக்காகக் குழு தொடங்கச் சொல்லவில்லை. 1988 முதல் ஒலிம்பிக் வில்வித்தையில் கலந்துகொண்டும் இந்தியாவுக்கு ஒரு பதக்கமும் வந்ததில்லை. பாரிசில் கலப்பு அணி நான்காம் இடம் வரை போய்ப் பதக்கத்தைத் தவறவிட்டது. பாராலிம்பிக்கில்தான் ஹர்விந்தர் சிங்கின் தங்கமும், கைகளின்றிப் பிறந்து காலால் வில்லைப் பிடித்து எய்யும் ஷீத்தல் தேவியும் ராகேஷ் குமாரும் சேர்ந்து வாங்கிய வெண்கலமும் வந்தன. பதக்கம்தான் நியாயம் என்றால் இந்த நாட்டில் யாருமே வில்லை எடுக்கக் கூடாது. கணக்கு வகுப்பில் எத்தனை ராமானுஜன் வந்தார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டா கணக்கைத் தொடர்ந்து சொல்லிக்கொடுக்கிறோம்?

இப்போது அவருடைய வாதத்திலேயே பலமான பகுதிக்கு வருகிறேன். ஒன்றில் பழகிய கவனம் இன்னொன்றுக்குத் தானாகத் தாவாது என்கிறார். இதை ஒப்புக்கொள்கிறேன். 1901இலேயே தார்ண்டைக், வுட்வொர்த் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்துக் காட்டினார்கள். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அந்தப் பக்கமே சாய்கின்றன. விளையாடினால் போதும், நற்குணம் தன்னால் வரும் என்பதும் பொய். கெட்ட பயிற்சியாளர் கையில் எந்த விளையாட்டும் பிள்ளையைப் பொய்யனாகவும் முரடனாகவும் ஆக்கும்.

ஆனால் அந்த ஆய்வு யாரை அடித்தது என்பதைக் கட்டுரையாளர் சொல்லாமல் விட்டுவிட்டார். லத்தீனும் கணிதமும் படித்தால் மூளை பொதுவாகவே கூர்மையாகும் என்று அந்தக் காலப் பள்ளிகள் நம்பிக்கொண்டிருந்தன. தார்ண்டைக்கின் ஆய்வுகள் உடைத்தது அந்த நம்பிக்கையை. அதாவது, இந்தக் கத்தியை எடுத்தால் முதலில் வெட்டுப்படுவது இவர் பரிந்துரைக்கும் டியூஷன்தான். அல்ஜீப்ரா பயிற்சி ஏட்டை நிரப்பிய பிள்ளைக்குப் பொறுமையும் நேர்மையும் தானாக வந்துவிடும் என்பதற்கு அவரிடம் என்ன சான்று? ஒரே அளவுகோலை வில்லுக்கு வைத்து, டியூஷனுக்கு வைக்காமல் ஒளித்துவிட்டு, அறிவியல் பேசியிருக்கிறார்.

நான் கேட்பது தாவலையும் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 1993இல் வெளியிட்ட வாழ்க்கைத் திறன் பட்டியலில் முடிவெடுத்தல், தன்னை அறிதல், உணர்ச்சியைக் கையாளுதல், பிறரோடு பழகுதல் எல்லாம் உண்டு. அவை எதிர்காலத்தில் எப்போதோ கிடைக்கும் பரிசு என்று நினைத்தால் நோட்டீஸ் வாசகமாகத்தான் தெரியும். பயிற்சி நடக்கும் மைதானம் ஒன்றில் ஒரு சாயங்காலம் நின்று பார்த்தால், அந்த மாலையிலேயே, அந்த இடத்திலேயே பிள்ளைகள் அவற்றைச் செய்துகொண்டிருப்பது தெரியும்.

ஆறு அம்பு எய்து முடித்து இலக்குக்குப் போகிறார்கள். மதிப்பெண் எழுதி முடியும் வரை யாரும் அம்பையோ இலக்குத் தாளையோ தொடக் கூடாது. எய்தவளே தன் அம்புகளின் மதிப்பைச் சொல்ல வேண்டும். பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணுக்கு. கூட நிற்கிற மற்ற பிள்ளைகள் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். ஓர் அம்பு சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில் நிற்கிறது. கோட்டைத் தொட்டிருந்தால் மேல் மதிப்பு, தொடாவிட்டால் கீழ் மதிப்பு. நான்கு தலைகள் குனிகின்றன. எட்டா, ஒன்பதா? எய்தவளுக்கு ஒன்பது வேண்டும். எதிரணிப் பையனுக்கு எட்டு வேண்டும். இருவரும் ஒரே கோட்டைப் பார்த்து, வாயைத் திறந்து, தெரிந்ததைச் சொல்ல வேண்டும். சார் தள்ளி நிற்கிறார். ஒவ்வொரு சுற்றுக்கும் இது நடக்கிறது, ஒரு மாலையில் எத்தனையோ சுற்று. தனக்குப் பாதகமான உண்மையைத் தன் வாயால் சொல்லும் பழக்கத்தை இந்த அளவுக்குக் கொடுக்கும் வேறு எந்தப் பாடவேளை நம் பள்ளியில் இருக்கிறது?

இன்னொன்று. புதிதாக வந்த பையன் எல்லா அம்பையும் மஞ்சளில் போடத் துடிப்பான். ஒன்று மஞ்சளில் விழும், ஒன்று வெள்ளையில், ஒன்று புல்லில். பக்கத்துப் பெண்ணின் ஆறு அம்பும் நீல வட்டத்தின் இடது ஓரத்தில் ஒரு கைப்பிடிக்குள் நெருங்கி நிற்கும். பயிற்சியாளர் அவளைத்தான் தட்டிக்கொடுப்பார். பையனுக்குப் புரியாது, தன்னுடையதுதானே மஞ்சளில் இருக்கிறது என்பான். நெருங்கி விழும் தவற்றைத் திருத்திவிடலாம், சிதறி விழுவதைத் திருத்த முடியாது என்பது அவனுக்குச் சில வாரங்களில் விளங்கும். சைட் பொருத்திய வில்லுக்கு மாறும்போது இன்னோர் அதிர்ச்சி: அம்பு இடப்பக்கம் விழுந்தால் சைட்டையும் இடப்பக்கமே நகர்த்த வேண்டும். கை அதற்கு எதிர்ப்பக்கம்தான் போகும். மனம் சொல்வதைச் சோதித்துப் பார்த்து, சோதனை சொல்வதை ஏற்றுக்கொள்ள அவன் அங்கே பழகுகிறான். பரீட்சைத் தாளில் சிவப்பு மையில் தப்பு போட்டுக் கொடுத்தால் அங்கே கதை முடிந்தது. இங்கே தப்பு அவனுக்குத் தகவல். அடுத்த மூன்று நிமிடத்தில் அதைப் பயன்படுத்திப் பார்க்கலாம்.

ஆயுதம் என்ற பயத்துக்கு வருகிறேன். பயம் நியாயமானது. ஆடு மாடு குறுக்கே போகும், ஆள் வழியாகப் பயன்படுத்தும் திறந்த மைதானத்தில் இதை நடத்தக் கூடாது. இலக்குக்குப் பின்னால் மண்மேடோ, அம்பு தடுக்கும் வலையோ, ஆள் நடமாட்டமில்லாத காலி இடமோ இல்லாமல் ஓர் அம்புகூட எய்யக் கூடாது. இவை இல்லாத பள்ளியில் தொடங்க வேண்டாம் என்று நானே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் இவற்றோடு நடக்கும் பயிற்சியின் ஒழுங்கைப் பாருங்கள். இரண்டு விசில்: வில்லோடு கோட்டுக்கு வரலாம். ஒரு விசில்: எய்யலாம். மூன்று விசில்: எல்லோரும் எய்து முடித்து வில்லை வைத்துவிட்டார்கள், அம்பு எடுக்கப் போகலாம். விடாமல் ஊதினால், நாண் முழுக்க இழுபட்டிருந்தாலும் எய்யாமல் இறக்கிவிட வேண்டும். அம்பைப் பிடுங்கும்போது நேர் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. ஒரு கையால் இலக்கை அழுத்திக்கொண்டு, மறுகையால் அம்பை அடியில் பிடித்து நேராக உருவ வேண்டும். உலையும் ரோலிங் மில்லும் ஓடும் ஊரில், பாதுகாப்பு விதியை மீறினால் கை கால் போகும் ஊரில், பன்னிரண்டு வயதிலேயே ஒரு பிள்ளை விசிலுக்குக் கட்டுப்பட்டு, இழுத்த நாணை எய்யாமல் இறக்கப் பழகுவது ஆபத்தா? பாதுகாப்பு வார விழா நடத்திக் கம்பெனி வாசலில் உறுதிமொழி வாசிக்கவைக்கிறார்களே, அந்த உறுதிமொழியின் செயல்வடிவம் இது.

ஏகலைவனையும் அவர் இழுத்திருக்கிறார். வில் என்றாலே ஒடுக்கியவர்களின் வித்தை, அதை ஏன் ஏழைப் பிள்ளைகளின் தலையில் கட்ட வேண்டும் என்று. ஏகலைவன் கதையில் குற்றம் வில்லின் மேலா, அவனை வெளியே நிறுத்தியவர்கள் மேலா? இன்றைய ரிகர்வ் வில்லில் நாணை இழுப்பது ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும். கட்டைவிரலுக்கு நாணில் வேலையே இல்லை. வில் மேல்சாதிக்காரர்களின் சொத்தாக இருந்ததும் இல்லை. கும்மிடிப்பூண்டியிலிருந்து வெகுதொலைவில் இல்லை காளத்தி. அங்கே கண்ணப்பராக வணங்கப்படும் வேடர் குலத் திண்ணனாருக்குச் சிறு வயதில் வில்விழா எடுத்ததைச் சேக்கிழார் விரிவாகப் பாடியிருக்கிறார். பழம்பெருமை பேசி வாதத்தில் வெல்ல எனக்கு விருப்பமில்லை, ஆகவே இதோடு விடுகிறேன்.

இன்றைய கும்மிடிப்பூண்டிப் பள்ளி வகுப்பறையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அதைவிட முக்கியம். உள்ளூர்த் தமிழ்ப் பிள்ளைகள். ஆந்திர எல்லை பக்கத்திலேயே என்பதால் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள். முப்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்ட இலங்கைத் தமிழர் முகாமின் மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகள். அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் கொத்தடிமைகளாகக் கிடந்து மீட்கப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த இருளர் பிள்ளைகள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த தொழிலாளர்களின் பிள்ளைகள். இந்தக் கடைசிப் பிள்ளைக்குத் தமிழ்ப் பாடம் எட்டவில்லை, கணக்கு வாத்தியார் பேசுவதும் பாதி புரியவில்லை. மூன்றாவது பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறான். அவனைக் கூப்பிடும் பெயர் என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். விசில் சத்தம் அவனுக்கும் புரியும். ஜார்க்கண்டின் முண்டா, சந்தால், ஹோ வீடுகளில் வில் புதிய பொருளும் இல்லை. அவனுடைய தாத்தா அதை எடுத்திருக்கலாம். வகுப்பில் எதிலும் முதலாக வராதவன் இங்கே முதலாக வரக்கூடும். அப்படி வந்த மறுநாள் அவனைக் கூப்பிடும் பெயர் மாறும். மொழியும் சாதியும் ஊரும் பிரித்துவைத்திருக்கும் பிள்ளைகளை ஒரே கோட்டில், ஒரே வில்லைக் கை மாற்றிக்கொண்டு நிற்கவைக்க டியூஷன் சென்டரால் முடியுமா? கபடியிலும் கால்பந்திலும்கூட ‘நம்ம ஆளு’ என்று அணி பிரித்துக்கொள்ள இடமுண்டு. வில்லில் பிள்ளை போட்டியிடுவது தன் போன வார மதிப்பெண்ணோடு.

பெண் பிள்ளைகள் விஷயம் தனி. எட்டாம் வகுப்பைத் தாண்டியதும் மைதானத்திலிருந்து அவர்களைக் கழற்றிவிடுகிறோம். ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, பையன்களோடு மோதக் கூடாது. வில்லில் யாரும் யாரையும் தொடுவதில்லை. பெண்ணும் ஆணும் ஒரே கோட்டில் நின்று ஒரே தூரத்துக்கு எய்யலாம். அனுப்பத் தயங்கும் அம்மாவிடம் சொல்லிச் சம்மதம் வாங்கக்கூடிய விளையாட்டு இது. கட்டுரையாளரின் கட்டுரை முழுக்கப் ‘பையன்கள்’தான் வருகிறார்கள். பாதிப் பிள்ளைகளை மறந்துவிட்டே அவர் முடிவுக்கு வந்திருக்கிறார்.

ஒரு விஷயத்தில் அவரோடு நிற்கிறேன். பள்ளி வயதை எட்டாத பிள்ளைகளை நூற்றுக்கணக்கில் அம்பு எய்யவைத்து, சாதனைப் புத்தகத்தில் பெயர் வாங்கி, ஃபிளக்ஸ் அடிக்கும் கூத்து தமிழ்நாட்டில் நடக்கிறது. அது பெற்றோரின் பெருமைக்கு. பிள்ளைக்கு அதில் ஒன்றுமில்லை. இங்கே வில்வித்தைச் சங்கத்தை நிறுவி வளர்த்த ஷிஹான் ஹுசைனி 2025 மார்ச்சில் காலமானார். தனி மனிதர் ஒருவரின் வேகத்தில் இத்தனை காலம் ஓடிய விளையாட்டை இனிப் பள்ளிகளும் விளையாட்டு ஆணையமும் எடுத்துக்கொள்ளாவிட்டால், அந்த ஃபிளக்ஸ்காரர்களிடமே அது போய்ச் சேரும். கூத்தைக் கண்டு கொதிக்கிறவர் முறையான பள்ளிக் குழுவை ஆதரிக்க வேண்டும். அவரோ அதைத்தான் தடுக்கிறார்.

பணம் எங்கே என்பதற்கு அவர் சொன்ன பதிலும் தவறு. கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். பணம் திறன் பயிற்சிக்கு மட்டும் போக வேண்டும் என்கிறார். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவு, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி என்ற வரம்புகளில் ஒன்றை எட்டிய நிறுவனம் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. எதற்கெல்லாம் செலவிடலாம் என்ற ஏழாவது அட்டவணையில் கிராமப்புற விளையாட்டு, தேசிய அங்கீகாரம் பெற்ற விளையாட்டு, ஒலிம்பிக், பாராலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சி என்று தனியாகவே எழுதியிருக்கிறது. சட்டம் திறந்துவைத்த கதவைக் கட்டுரையாளர் ஏன் சாத்துகிறார்? தேர்வாய் கண்டிகையில் மேய்ச்சல் நிலம் சிப்காட்டுக்குப் போவதை எதிர்த்து ஊரே போராடிய வரலாறு இந்த மாவட்டத்துக்கு உண்டு. பிள்ளைகள் ஓடி விளையாடிய பொது இடங்களின் மேல் தொழிற்சாலை எழுப்பியவர்கள், வேலி போட்ட ஒரு மைதானத்தைத் திருப்பித் தருவது தருமமும் அல்ல, சலுகையும் அல்ல. பாக்கி.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இந்தப் பேச்சு மறுபடி வரும். மாலை நாலரைக்கும் ஏழரைக்கும் நடுவே ஆறாம் வகுப்புப் பிள்ளை எங்கே இருக்க வேண்டும், யார் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று கட்டுரையாளர் எழுதிக் கொண்டுவரட்டும். எங்கள் பக்கம் இதுதான்: வாரம் மூன்று நாள், ஒரு பள்ளிக்குப் பன்னிரண்டு வில், பின்தடுப்பு வலை போட்ட ஒரு மைதானம், பயிற்சி பெற்ற ஓர் உடற்கல்வி ஆசிரியரும் அவருக்கு உதவியாக ஒருவரும், சரிபாதி இடம் பெண் பிள்ளைகளுக்கு, முகாமிலிருந்தும் இருளர் குடியிருப்பிலிருந்தும் வெளிமாநிலத் தொழிலாளர் லைனிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்கு ஒதுக்கிய இடங்கள், இருட்டுவதற்குள் அவர்களை வீட்டு வாசலில் இறக்கிவிட ஒரு வேன்.